பள்ளிவாசல் முதல் வீட்டு மீட்டர் வரை: எந்தச் சாதனம் எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கிறது? கண்டறிவது எப்படி?

பள்ளிவாசல் (இடுக்கி): இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின் கட்டண ரசீது, ஒரு குடும்பம் மொத்தம் எத்தனை யூனிட் மின்சாரம் பயன்படுத்தியது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அந்த யூனிட்டுகள் குளியலறையில் செலவாயினவா, சமையலறையில் செலவாயினவா, யாரும் கவனிக்காமல் இரவு முழுவதும் இயங்கிய ஒரு கருவியில் செலவாயினவா என்ற விவரம் அதில் இருப்பதில்லை. ரசீது கைக்கு வரும்போது செலவு முடிந்துவிட்டிருக்கும். அதற்கு முன்பே, வீட்டு வாசலில் உள்ள மீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு மின் செலவைக் கண்காணிக்க முடியும்.

கேரளத்தின் கட்டண முறையில் இந்தக் கண்காணிப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒரு குறிப்பிட்ட எல்லையை ஒரு சில யூனிட்டுகள் கடந்தாலே ரசீது தொகை நூற்றுக்கணக்கான ரூபாய் உயர்ந்துவிடுகிறது.

கேரளத்தின் முதல் அரசு நீர்மின் திட்டம்

மூணாறை அடுத்துள்ள பள்ளிவாசல், கேரள மின் வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்ணன் தேவன் தேயிலை நிறுவனம் தன் தேவைக்காக மூணாறு பகுதியில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை நடத்தியது. பின்னர் திருவிதாங்கூர் அரசு, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், பெரியாற்றின் துணையாறான முதிரப்புழையின் நீரைக் கொண்டு பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை நிறைவேற்றியது. 1940-ல் இங்கு மின் உற்பத்தி தொடங்கியது. குண்டளை, மாட்டுப்பட்டி அணைகள் இத்திட்டத்துக்கு நீரைச் சேமித்துத் தருகின்றன.

இந்நிலையத்தின் நிறுவு திறன் 37.5 மெகாவாட். அதாவது, எல்லா இயந்திரங்களும் முழுத் திறனில் ஒரு மணி நேரம் இயங்கினால் 37,500 யூனிட் மின்சாரம் கிடைக்கும். மாதம் 250 யூனிட் பயன்படுத்தும் 150 வீடுகளின் ஒரு மாதத் தேவைக்கு இது சமம்.

எனினும், கேரளம் இன்று தன் மின் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலான உச்ச நேரத்தில் தேவை கூடும்போது, சில நிமிடங்களில் இயக்கத் தொடங்கக்கூடிய நீர்மின் நிலையங்களே பெரிதும் கைகொடுக்கின்றன.

மின்சாரம் வழங்குவது யார்?

இடுக்கி மாவட்டத்தின் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது கே.எஸ்.இ.பி. என்று அறியப்படும் கேரள மாநில மின் வாரிய நிறுவனம். மூணாறு தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நிலைமை சற்று மாறுபட்டது. அங்கு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனமே மின் விநியோக உரிமம் பெற்றுள்ளது. இந்நிறுவனம் கே.எஸ்.இ.பி.யிடமிருந்து மின்சாரத்தை வாங்கித் தன் எல்லைக்குள் விநியோகிக்கிறது. யார் வழங்கினாலும், வீட்டு உபயோகத்துக்கான கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே.

ஒரு யூனிட் என்பது என்ன?

1,000 வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். இதனைக் கிலோவாட் மணி என்றும் கூறுவர். கணக்கிடும் முறை எளியது. கருவியின் வாட் எண்ணை, அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுக்க வேண்டும்.

9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு யூனிட் செலவழிக்க ஏறத்தாழ 111 மணி நேரம் ஆகும். 60 வாட் குண்டு பல்பு அதே யூனிட்டை 17 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டருக்கோ அரை மணி நேரம் போதும்.

கருவியின் வாட் எண் அதன் பின்புறத்திலோ அடிப்பகுதியிலோ ஒட்டப்பட்டுள்ள தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் அக்கருவி எடுக்கக்கூடிய அதிகபட்ச அளவைக் குறிப்பது. இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி போன்றவை தேவையான வெப்பநிலையை எட்டியதும் தாமாக நின்று மீண்டும் இயங்குவதால், அவற்றின் உண்மையான செலவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரு நாள் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

மூணாறு, பள்ளிவாசல் போன்ற குளிர்ப் பகுதியில் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு நாள் பயன்பாட்டைப் பின்வருமாறு கணக்கிடலாம். இயங்கும் நேரம் வீட்டுக்கு வீடு மாறுபடும்.

- வாட்டர் ஹீட்டர் (2,000 வாட்), 45 நிமிடம்: 1.5 யூனிட்
- இண்டக்ஷன் அடுப்பு (2,000 வாட்), 30 நிமிடம்: 1 யூனிட்
- மின் கெட்டில் (1,500 வாட்), 20 நிமிடம்: 0.5 யூனிட்
- இஸ்திரிப் பெட்டி (1,000 வாட்), 15 நிமிடம்: 0.25 யூனிட்
- குளிர்சாதனப் பெட்டி (லேபிளின்படி ஆண்டுக்கு 200 யூனிட்): 0.55 யூனிட்
- தொலைக்காட்சி (80 வாட்), 5 மணி நேரம்: 0.4 யூனிட்
- வைஃபை ரூட்டர் (10 வாட்), 24 மணி நேரம்: 0.24 யூனிட்
- எல்.இ.டி. விளக்குகள் ஐந்து (தலா 9 வாட்), 5 மணி நேரம்: 0.23 யூனிட்
- மிக்சி (500 வாட்), 10 நிமிடம்: 0.08 யூனிட்

மொத்தம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.75 யூனிட். இரண்டு மாதங்களுக்கு 285 யூனிட்.

இப்பட்டியலில் முதல் நான்கு கருவிகளும் வெப்பத்தை உண்டாக்குபவை. அவை அனைத்தும் சேர்ந்து நாளில் இரண்டு மணி நேரம்கூட இயங்குவதில்லை. ஆயினும் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அவற்றுக்கே போகிறது. ஐந்து விளக்குகளும் ஐந்து மணி நேரம் எரிவதற்கான மின்சாரம், கெட்டில் பத்து நிமிடம் எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு.

விளக்கை அணைப்பது நல்ல பழக்கமே. ஆனால், குளிர்ப் பகுதி வீட்டின் ரசீது பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்குவதில்தான் உயர்கிறது.

குளிர் கூடினால் செலவு கூடுவது ஏன்?

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.58 யூனிட் தேவை. தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் 0.87 யூனிட் ஆகும். மூணாறின் குளிர்காலக் காலையில் குழாய் நீர் 5 டிகிரியை நெருங்கினால் அதே வேலைக்கு 1.16 யூனிட் வேண்டும். சமவெளியில் ஆவதைப் போல் இது இரு மடங்கு. கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலே டிசம்பர், ஜனவரி மாதங்களின் ரசீது கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேமிப்புத் தொட்டி உள்ள வாட்டர் ஹீட்டரில் மற்றொரு செலவும் உண்டு. சூடான நீர் தொட்டியில் இருக்கும்போதே வெப்பம் மெல்ல வெளியேறும். சுவிட்ச் நாள் முழுவதும் போட்டபடி இருந்தால், இழந்த வெப்பத்தை ஈடுசெய்யக் கருவி மீண்டும் மீண்டும் இயங்கும். இவ்வகை வாட்டர் ஹீட்டர்களுக்கான நட்சத்திரக் குறியீடு இந்த வெப்ப இழப்பை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகிறது. குளிப்பதற்குச் சற்று முன் சுவிட்சைப் போட்டு, போதிய அளவு சூடானதும் அணைத்துவிடுவது இச்செலவைக் குறைக்கும்.

251-வது யூனிட்டின் விலை

கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிநிலைக் கட்டணம் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் ஒரு விலை. 2024 டிசம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, முதல் 50 யூனிட்டுக்குத் தலா ரூ.3.30, அடுத்தடுத்த 50 யூனிட்டுகளுக்கு முறையே ரூ.4.15, ரூ.5.25, ரூ.7.10, ரூ.8.35 என விலை நிர்ணயிக்கப்பட்டது. இதன்படி 250 யூனிட்டுக்கான மின் கட்டணம் ரூ.1,407.50.

மாதப் பயன்பாடு 250 யூனிட்டைக் கடந்தால் இந்தப் படிநிலைச் சலுகை முழுவதும் நீங்கிவிடும். முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை கணக்கிடப்படும். 300 யூனிட் வரை அந்த விலை ரூ.6.55. எனவே 251 யூனிட்டுக்கான கட்டணம் ரூ.1,644.05. அதாவது, அந்த ஒரு யூனிட்டுக்காக நுகர்வோர் கூடுதலாகச் செலுத்துவது ரூ.236-க்கும் மேல். நிலைக் கட்டணம், மின் வரி, எரிபொருள் கூடுதல் கட்டணம் ஆகியவை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அதே ஆணையின்படி 2025 ஏப்ரலில் விலைகள் மீண்டும் சற்று உயர்ந்தன. விலைகள் மாறினாலும் 250 யூனிட் என்ற எல்லை மாறவில்லை. இரு மாத ரசீதில் இது 500 யூனிட்.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு எல்லை இன்னும் குறுகியது. இணைப்புச் சுமை 1,000 வாட்டுக்கு மிகாமலும், மாதப் பயன்பாடு 40 யூனிட்டுக்குள்ளும் இருந்தால் யூனிட்டுக்கு ரூ.1.50 என்ற சலுகை விலை கிடைக்கும். 40 யூனிட் என்பது நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டைவிடச் சிறிது கூடுதல். மேற்கண்ட பட்டியலிலுள்ள வாட்டர் ஹீட்டர் ஒன்றே ஒரு நாளில் இந்த அளவைத் தாண்டிவிடும்.

தமிழ்நாட்டிலும் 500 யூனிட் என்பது முக்கிய எல்லையாக உள்ளது. அங்கு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலை கிடைக்காது.

மீட்டரைக் குறித்து வைக்கும் முறை

இன்றைய மின்னணு மீட்டரின் திரையில் தேதி, நேரம், மின்னழுத்தம் எனப் பல எண்கள் மாறி மாறித் தோன்றும். அவற்றுள் கிலோவாட் மணி என்ற குறியுடன் வரும் எண்ணே கட்டணத்துக்கான ரீடிங். நாள்தோறும் ஒரே நேரத்தில் இந்த எண்ணைக் குறித்து, முந்தைய நாளின் எண்ணைக் கழித்தால் அன்றைய செலவு கிடைக்கும்.

முதல் வாரம் எந்த மாற்றமும் செய்யாமல் எண்களை மட்டும் குறிப்பது நல்லது. துணி இஸ்திரி போட்ட நாள், விருந்தினர் வந்த நாள், தண்ணீர் மோட்டார் நெடுநேரம் ஓடிய நாள் ஆகியவற்றையும் அருகில் எழுதிவைத்தால், எண் எதனால் ஏறியது என்பது தானே புலப்படும். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால் எதனால் பயன் கிடைத்தது என்று அறிய இயலாது.

குறிப்பேட்டின் முழுப் பயன் சுழற்சியின் நடுவில் தெரியும். ரீடிங் எடுத்த 20-வது நாளில் ஒரு வீடு 170 யூனிட் பயன்படுத்தியிருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 8.5 யூனிட். இதே வேகத்தில் சென்றால் 60 நாட்களில் 510 யூனிட் ஆகி, எல்லை கடந்துவிடும். எஞ்சிய 40 நாட்களில் நாளுக்குக் கால் யூனிட் குறைத்தால் மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கும். கெட்டிலைப் பத்து நிமிடம் குறைவாகப் பயன்படுத்தினால் மீதமாகும் அளவு அது. மேற்கூறிய 2024 டிசம்பர் விலைப்படி, இதனால் மின் கட்டணத்தில் மட்டும் ரூ.525 மிச்சமாகும்.

ஒரு கருவியை மட்டும் அளப்பது எப்படி?

மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை ஒளிரும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1,600, 3,200 ஆகியவை பரவலாகக் காணப்படும் எண்கள்.

அளக்க வேண்டிய கருவியைத் தவிர மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை ஒளிர்கிறது என்று எண்ண வேண்டும். அதை 60-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் கிலோவாட் அளவு கிடைக்கும். 3,200 என்று குறிக்கப்பட்ட மீட்டரில், தொலைக்காட்சி மட்டும் இயங்கும்போது நிமிடத்துக்கு 4 முறை ஒளிர்ந்தால், அது எடுப்பது 75 வாட்.

குளிர்சாதனப் பெட்டிக்கு இம்முறை பொருந்தாது. அதன் கம்ப்ரசர் இடைவெளி விட்டு இயங்குவதால் குறைந்தது 24 மணி நேரம் அளக்க வேண்டும். பிளக்குக்கும் கருவிக்கும் இடையே செருகும் சிறிய மின் அளவிகள் சந்தையில் கிடைக்கின்றன. அதிக வாட் கொண்ட வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு, அந்த அளவி எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்பதைப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எல்லாக் கருவிகளையும் அணைத்து, பிளக்குகளையும் எடுத்த பின்னும் மீட்டர் விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தால், வயரிங்கில் மின் கசிவு இருக்கக்கூடும். இது செலவைவிட உயிருக்கே ஆபத்தானது. உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு உடனடியாகச் சோதிக்க வேண்டும். மீட்டரின் முத்திரையையோ இணைப்புகளையோ நுகர்வோர் தொடக்கூடாது. மீட்டரைச் சேதப்படுத்தி மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

நட்சத்திரக் குறியீட்டை வாசிப்பது

எரிசக்தித் திறன் பணியகம் 2002-ல் அமைக்கப்பட்டது. சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்கும் திட்டத்தை அது 2006-ல் தொடங்கியது. மேற்கூரை மின்விசிறிகளுக்கு இக்குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது.

கடையில் பலரும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கின்றனர். குளிர்சாதனப் பெட்டியின் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண்ணும் இருக்கும். அளவில் வேறுபட்ட இரண்டு பெட்டிகளை ஒப்பிட அந்த எண்ணே நம்பகமானது. பெரிய பெட்டி ஒன்று கூடுதல் நட்சத்திரம் பெற்றிருந்தும், சிறிய பெட்டியைவிட அதிக யூனிட் எடுக்கலாம். நட்சத்திர வரையறைகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், லேபிளில் உள்ள ஆண்டையும் பார்ப்பது அவசியம்.

மின்விசிறியில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்டது ஏறத்தாழ 30 வாட் எடுக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் இயங்கினால் மாதம் 13.5 யூனிட் மீதமாகும். பாலக்காடு போன்ற வெப்பப் பகுதிக்கு இது நல்ல முதலீடு. விசிறி அரிதாகவே சுழலும் மூணாறில் அதே பணத்தை வாட்டர் ஹீட்டருக்குச் செலவிடுவதே பொருத்தம்.

நேரமும் விலையே

கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கு, நாளின் நேரத்தைப் பொறுத்த கட்டணமும் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 10 சதவீதம் குறைவாகவும், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 25 சதவீதம் கூடுதலாகவும், அதன் பின் காலை வரை வழக்கமான விலையிலும் கணக்கிடப்படும். இத்தகைய வீடுகளில் துணி துவைத்தல், இஸ்திரி, தண்ணீர் ஏற்றுதல், மின் வாகனத்தை சார்ஜ் செய்தல் ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றினால், யூனிட் குறையாமலே கட்டணம் குறையும்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால்?

வீட்டின் மொத்த மின்னோட்டத்தை மட்டும் அளந்து, அதிலிருந்து ஒவ்வொரு கருவியின் பங்கையும் பிரித்தறியும் முறையை 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் ஜார்ஜ் ஹார்ட் முன்வைத்தார். இந்தியாவில் புணேயைச் சேர்ந்த பிரயாஸ் அமைப்பின் எரிசக்திக் குழு, உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரத்தில் உள்ள வீடுகளிலும் அவற்றின் சாதனங்களிலும் அளவிகளைப் பொருத்தி மின் பயன்பாட்டைப் பதிவு செய்துள்ளது.

2023-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டரின் ரீடிங்கை நாளுக்கு ஒரு முறையேனும் தொலைவிலிருந்து எடுத்து, அந்த விவரத்தை நுகர்வோருக்கு வழங்க வேண்டும் என்கின்றன. ஆயினும் அந்த மீட்டர் தருவதும் வீட்டின் மொத்தக் கணக்கே. எந்தப் பழக்கத்தை மாற்றுவது என்ற முடிவு வீட்டில் இருப்பவர்களுடையதே.

ரசீதில் ஐயம் எழுந்தால்

ரசீதில் உள்ள ரீடிங்கையும் மீட்டரில் தெரியும் எண்ணையும் முதலில் ஒப்பிட வேண்டும். நாள்வாரிக் குறிப்பு கையில் இருந்தால், எந்தத் தேதியிலிருந்து செலவு ஏறியது என்பதை அலுவலர்களிடம் எடுத்துக்காட்ட முடியும். மீட்டரிலேயே பழுது என்று கருதினால், உரிய கட்டணம் செலுத்திச் சோதனை கோரலாம். கே.எஸ்.இ.பி. நுகர்வோர் 1912 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். தீர்வு கிடைக்காதபோது நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம்.

அடுத்த ரீடிங் எடுக்கும் நாளன்றே குறிப்பேட்டைத் தொடங்குவது வசதியானது. ரசீதின் கணக்கும் வீட்டின் கணக்கும் ஒரே எண்ணில் தொடங்கும்.